ராமானுஜனும் ஒரு பெரிய எண்ணும்

சிவகாசி அச்சுக்கூடங்களிலிருந்து வருஷந்தோறும் லட்சக்கணக்கான காலண்டர்கள் புறப்பட்டு, நமது வீடுகளிலும் கடைகளிலும் காரியாலயங்களிலும் சுவரை அலங்கரிக்கின்றன. அவற்றில் டிசம்பர் மாதம் 22-ந் தேதிக்குரிய தாளைக் கிழிக்கும் கைகள் அநேகம். அத்தேதியின் பெருமையை நினைக்கும் நெஞ்சங்கள் சிலவே. 1887-ம் வருஷத்தில் அன்றுதான் கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் ஈரோட்டிலே தமது தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். அவர் பிறந்து நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, இந்திய சர்க்கார் 2012-ம் வருஷத்தைத் தேசிய கணித வருஷமென்றும், டிசம்பர் 22-ந் தேதியைத் தேசிய கணித தினமென்றும் அறிவித்தனர். பிறந்த நாளுக்கு மாலையிடுவதோடு நமது கடமை தீர்ந்துவிட்டதாக நாம் நினைக்கவில்லை. அவருடைய வாழ்க்கையையும் வேலையையும் சற்று நிதானமாகப் பார்த்தால், இன்று நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்றும் புலப்படும்.

ராமானுஜனைப் பற்றிப் பேசும் பொழுதெல்லாம் 1729 என்ற எண்ணைச் சொல்லாதவர் இல்லை. நோயுற்றிருந்த அவரைக் காண வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண்ணில் விசேஷம் ஒன்றுமில்லையென்று கருதியதும், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்று நோயாளி படுக்கையிலிருந்தபடியே கண்டுகொண்டதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1-ன் கனமும் 12-ன் கனமும் சேர்ந்தால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் சேர்ந்தாலும் அதுவே. கதை இனியதுதான். ஆயினும் அது ஒரு கணத்தில் வீசிய மின்னல். ஆண்டுக்கணக்கான உழைப்பினால் அவர் அடைந்த வேறோர் எண் உண்டு. அதை அறிந்தவர் வெகு சிலரே. அவ்வெண் இது: 67,46,32,83,88,800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்கு விடைகாணச் சிவகாசி வாசிகளுக்குக் கணித சாஸ்திரம் தெரியவேண்டுமென்பதில்லை. தீப்பெட்டி வியாபாரம் தெரிந்தால் போதும். பன்னிரண்டு பெட்டி ஒரு டஜன். பன்னிரண்டு டஜன், அதாவது 144 பெட்டி, ஒரு குரோஸ். கைவிரல்கள் பத்தாயிருக்க, வியாபாரிகள் எதற்காகப் பன்னிரண்டைப் பிடித்துக்கொண்டார்கள்? பத்தைச் சமமாகப் பங்கிட வேண்டுமானால் இருவருக்கோ ஐவருக்கோதான் முடியும். பன்னிரண்டையோ இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் மீதியின்றிப் பங்கிடலாம். ஒன்றையும் பன்னிரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் ஆறு. பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இவ்விதம், தனக்குக் கீழ்ப்பட்ட எல்லா எண்களையும்விட அதிகமான எண்களால் மீதியின்றி வகுபடும் எண்ணை உயர் பகு எண் என்று வழங்கலாம். 12-க்குப் பிறகு அந்தத் தகுதி பெறுவன 24, 36, 48, 60, 120 என்று போகின்றன. முதலில் நெருக்கமாக வருகிற இவை, போகப்போக விலகி விலகி நிற்கும். இந்த வரிசையைத்தான் ராமானுஜன் நாம் மேலே சொன்ன பதின்மூன்று இலக்க எண் வரையில் தேடிச் சென்றார். அவருடைய அட்டவணையில் கடைசியாக நிற்பது அதுவே. அதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 10,080. அதற்குக் கீழே லட்சக்கணக்கான கோடி எண்கள் இருந்தும், அத்தனை எண்களால் வகுபடுவது ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தவருடைய இளமை எவ்விதம் கழிந்தது? தகப்பனார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் தெய்வபக்தி மிக்கவர்; நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் அவருக்கிருந்த ஈடுபாடு புதல்வருக்கும் வந்து சேர்ந்தது. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு வீடு. டவுன் ஹைஸ்கூலில் படிப்பு. அங்கே கணக்கில் அவருக்கு இணையில்லை. 1904-ம் வருஷத்தில் அப்பள்ளியின் கணிதப் பரிசும் அவருக்கே கிடைத்தது. பதினைந்து பதினாறு வயதில் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. பரீக்ஷைக்குப் படிக்கும் மாணவர்களுக்காக ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசைப்படுத்திய புத்தகம் அது. விளக்கங்கள் மிகவும் குறைவு. வேறொருவருக்கு அது வறண்ட பட்டியலாக இருந்திருக்கும். ராமானுஜனுக்கோ அது ஒரு புதையலின் சாவியாயிற்று. அதிலிருந்த ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிரூபித்துக் கொண்டு, அதில் இல்லாதவற்றையும் தாமே காணத் தொடங்கினார்.

அதன் பலன் விபரீதமாக முடிந்தது. கும்பகோணம் கலாசாலையிலே உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல், மற்றப் பாடங்களில் தவறி அந்தச் சம்பளத்தை இழந்தார். 1905-ம் வருஷத்தில் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போனார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார். எப். ஏ. பரீக்ஷைக்கு இருமுறை சென்றும் தேறவில்லை. உலகத்துக் கணித வித்வான்கள் இன்றளவும் ஆராய்ந்து வரும் நோட்டுப் புத்தகங்கள் உருவான அதே வருஷங்களில், அவற்றை எழுதியவர் நமது சர்வகலாசாலையின் கணக்குப்படி ஒன்றுக்கும் தகுதியற்றவராயிருந்தார். எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் ஒரு பாடத்தில் சிறந்தவனைச் சிறந்தவனென்று ஒப்புக்கொள்வோம் என்ற விதி அன்று அவரைத் தெருவில் நிறுத்திற்று. அந்த விதியைச் செய்தவர்கள் கொடியவர்களல்லர்; விதிக்கு அப்பால் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை என்பதே உண்மை.

அந்நாளில் அவருக்குப் பசியைவிடப் பெரிய கஷ்டம் காகிதப் பஞ்சம் என்றே சொல்லலாம். காகிதம் வாங்கப் பணமில்லாமையால் சிலேட்டுப் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். அவருடைய நோட்டுகளில் முடிவுகள் மலிந்தும் நிரூபணங்கள் அருகியும் இருப்பதற்குச் சிலேட்டும் ஒரு காரணம் என்பர். எத்தனையோ அரிய வழிகள் அந்தச் சிலேட்டிலேயே எழுதப்பட்டு அந்த முழங்கையாலேயே அழிந்து போயின. லாரி லாரியாகக் காகிதம் வந்திறங்கும் சிவகாசியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது நம்பமுடியாத செய்தியாகத் தோன்றலாம்.

1909-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ராமானுஜனுக்கும் ஜானகி அம்மாளுக்கும் விவாகம் நடந்தது. குடும்பம் ஏற்பட்டது, வருமானம் ஏற்படவில்லை. நோட்டுப் புத்தகங்களைக் கையில் எடுத்துக்கொண்டு உத்தியோகம் தேடிப் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்தவரும், இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தோற்றுவித்தவருமான ஸ்ரீ வி. ராமஸ்வாமி ஐயர் அந்த நோட்டுகளைப் பார்த்தார். இப்படிப்பட்டவரைத் தாலுகா காரியாலயத்தில் குமாஸ்தாவாக வைத்துக் கெடுக்கலாகாதென்று கருதி, சென்னையிலிருந்த கணிதப் பிரியர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ஸ்ரீ ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து உதவினார். 1911-ம் வருஷத்தில் கணித சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜனுடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை பிரசுரமாயிற்று. 1912 மார்ச்சு முதல் தேதியில் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே கணக்கு இலாகாவின் தலைவராயிருந்த ஸ்ரீ எஸ். நாராயண ஐயரும், டிரஸ்டின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஆதரித்தனர். சீமையில் மதித்த பிறகே இங்கே அவரை மதித்தார்கள் என்று பொதுவாகக் கூறுவதுண்டு. அது முழு உண்மையன்று. பரீக்ஷைச் சீட்டைக் கேளாமல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்த இந்த நம்மவர் மூவரையும் நாம் மறக்கலாகாது.

1913 ஜனவரி 16-ந் தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் சரித்திரப் பிரசித்தமானது. அதற்கு முன் எழுதிய கடிதங்களால் பயன் விளையவில்லை. ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டோடு சேர்ந்து அந்தத் தாள்களை ஆராய்ந்து, இவற்றை எழுதியவர் முதல் தரமான கணித மேதையே என்ற முடிவுக்கு வந்தார். அவ்வருஷமே சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் அளித்தது. கடல் கடந்து போவதற்கு ஆசாரத் தடையிருந்தது. அதையும் கடந்து 1914 மார்ச்சு 17-ந் தேதி சென்னையில் கப்பலேறினார். ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்து சேர்ந்தார். அடுத்த சில மாதங்களில் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது.

அந்த யுத்த காலத்தில்தான் உயர் பகு எண்களைப் பற்றிய பெருங்கட்டுரை உருவாயிற்று. லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் 1915-ம் வருஷத்தில் அறுபது பக்கங்களுக்கு மேல் பிரசுரமான அக்கட்டுரைதான், அவருடைய வாழ்நாளில் வெளிவந்தவற்றுள் மிகப் பெரியது. அந்த ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916 மார்ச்சு மாதத்தில் அவருக்கு ஆராய்ச்சி வழியாக பி. ஏ. பட்டம் வழங்கிற்று. எப். ஏ. தேறாதவர் பி. ஏ. ஆனார், பரீக்ஷை எழுதியல்ல, எண்களின் உள்ளமைப்பைக் கண்டு சொல்லி.

அந்த உள்ளமைப்பு இன்னதென்பதைக் கூடியவரையில் எளிதாகச் சொல்ல முயல்வோம். 2, 3, 5, 7, 11 போன்று தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதனாலும் வகுபடாதவை பகா எண்கள். ஒன்றுக்கு மேற்பட்ட எந்த எண்ணும் ஒரு பகா எண்ணாகவே இருக்கும். அல்லது பகா எண்களைப் பெருக்கிக் கட்டியதாக இருக்கும். நமது பெரிய எண்ணைப் பிரித்துப் பார்த்தால், 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5-ம் 7-ம் தனித்தனியே இரண்டு தடவையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு தடவையும் பெருக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, பிறகு ஐந்து ஒன்றுகள்: கோயில் குளத்துப் படிகளைப்போல இவை கீழ் நோக்கியே இறங்குகின்றன, எங்கும் மேலேறுவதில்லை. இது தற்செயலன்று, உயர் பகு எண் எதுவாயினும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதை ராமானுஜன் நிறுவினார். 18-ஐ உதாரணமாகக் கொள்வோம். அதில் 2 ஒரு தடவையும் 3 இரண்டு தடவையும் உண்டு, படி மேலேறுகிறது. அவ்விரண்டையும் இடம் மாற்றி, 2 இரண்டு தடவையும் 3 ஒரு தடவையும் வைத்தால் 12 கிடைக்கும். இரண்டையும் வகுக்கும் எண்கள் ஆறாறுதான். ஆனால் 12 சிறியது. ஆகையால் 18 அந்த வரிசையில் இடம் பெறாது. கடைசிப் படி எப்பொழுதும் ஒன்றாகவே இருக்கும் என்பதையும், அதற்கு விலக்கானவை 4, 36 என்ற இரண்டே எண்கள் என்பதையும் அவர் காட்டினார்.

வகுக்கும் எண்கள் எத்தனையென்று கண்டுபிடிப்பதும் இதே படிகளைக் கொண்டுதான். நமது எண்ணிலே ஆறு தடவை வரும் 2-ஐ, ஒன்றும் எடுக்காமலோ ஆறு வரையிலோ, ஏழு விதமாக எடுக்கலாம். 3-ஐ ஐந்து விதம். 5-ஐயும் 7-ஐயும் மும்மூன்று விதம். மற்ற ஐந்தையும் எடுக்கலாம் அல்லது விடலாமாகையால் ஒவ்வொன்றையும் இரண்டு விதம். இவற்றையெல்லாம் பெருக்கினால் 10,080 வருகிறது. ஆகவே 1 முதல் 28 வரையில் எத்தனை பேர் வந்து நின்றாலும் இந்த எண் மீதியின்றிப் பங்கிட்டுக் கொடுக்கும். 29-வது பகா எண்ணாகவும் இதில் சேராததாகவும் இருப்பதால், 29 பேர் வந்தால்தான் முதன்முதலாக அது கைவிரிக்கும். கணக்கிடும் இயந்திரங்கள் மேஜை மேல் இராத காலத்தில், தாளையும் பேனாவையும் கொண்டு, இதைப்போன்ற நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அவர் அட்டவணையாகத் தந்தார் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் தேவையானது பெருக்கல் மட்டுமன்று. அதற்குக் கீழே போட்டிக்கு எதுவுமில்லை என்ற நிச்சயமும் தேவை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நாம் உண்மைக்குப் பிழை செய்தவர்களாவோம். அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 2,93,31,86,25,600 என்பதே அது. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடிக்கு மேற்பட்ட அந்த எண்ணை வகுக்கும் எண்கள் 5,040. வரிசையில் இடம்பெற அதற்கு எல்லா உரிமையும் உண்டு. பிற்காலத்தவர் சரிபார்த்தபொழுது இது தெரிய வந்தது. இதில் ஓர் ஆச்சரியமும் உண்டு. விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 67,46,32,83,88,800 வருகிறது. அட்டவணையின் கடைசியில் பெருமையோடு நிற்கும் எண் அதுதான்! கூடத்தில் எல்லாருக்கும் இலை போட்டுவிட்டு, தலைவாழை இலையில் அமர்ந்த பெரியவருடைய சொந்த உடன்பிறந்தானை வாசலிலேயே மறந்துவிட்டது போலாயிற்று. அட்டவணையின் மகிமையை இது சிறிதும் குறைக்கவில்லை. ஆனால், இவ்வளவு கூர்மையான கண்ணுக்கும் ஒன்று தப்பும் என்றால், நம்மைப் போன்றவர்கள் தயாரிக்கும் பட்டியல்களில் எத்தனை தப்பும் என்ற கவலை நமக்கு உண்டாகிறது.

கட்டுரை முழுவதும் அப்பொழுது அச்சேறவில்லை. யுத்த காலத்தில் லண்டன் கணித சங்கத்துக்குப் பண நெருக்கடி. ஆகவே ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி விளக்கக் குறிப்புகளோடு வெளிவந்தது 1997-ம் வருஷத்தில்; அதாவது எண்பதாண்டுகளுக்குப் பிறகு. இடையே 1944-ல் அலாவோக்ளு, எர்தோஷ் என்ற இரு வித்வான்கள் இவ்வகை எண்களின் ஆராய்ச்சியை மேலும் வளர்த்தனர். பகா எண்களைப் பற்றி ரீமான் விடுத்துச் சென்று இன்றும் தீராதிருக்கும் பெரும் பிரச்னைக்கும் இந்த எண்களுக்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு என்பது பின்னால் நன்கு விளங்கிற்று. காகிதமில்லாமல் சிலேட்டில் அழிந்தது ஒரு பங்கு. காசில்லாமல் அச்சேறாது கிடந்தது ஒரு பங்கு. மிஞ்சியதே உலகத்தை வியக்க வைத்தது.

1917-ம் வருஷத்திலிருந்து அவருடைய தேகம் தளர்ந்தது. குளிரும், யுத்த காலத்தில் மரக்கறி உணவு கிடைப்பதிலிருந்த கஷ்டமும், ஓயாத உழைப்பும், தனிமையும் சேர்ந்துகொண்டன. வைத்தியசாலை மாறி வைத்தியசாலை சென்றார். அந்த நிலையிலேயே கௌரவங்களும் தேடி வந்தன. 1918-ல் ராயல் சொஸைடியின் அங்கத்தினரானார். அதே வருஷம் அக்டோபரில் டிரினிடி கலாசாலையின் பெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. சென்னைச் சர்வகலாசாலையும் அவருக்கு வருஷத்துக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது.

அந்தச் செய்தி கிடைத்ததும் அவர் செய்த காரியத்தை, கணிதம் அறியாதவர்களும் போற்றலாம். 1919 ஜனவரியில் லண்டனிலிருந்து சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தொகை தமது தேவைக்கு அதிகம் என்று தெரிவித்தார். பெற்றோருக்கு ஆண்டொன்றுக்கு 50 பவுனும், தமது அவசியச் செலவும் போக, எஞ்சியதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகங்கள் வாங்கவும் உபயோகிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். உபகாரச் சம்பளம் போனதால் படிப்பிழந்தவர், கையில் முதன்முதலாகப் பணம் வரப்போகிறதென்று தெரிந்தவுடன் நினைத்தது, தம்மைப்போல் வாசலில் நிறுத்தப்படும் பிள்ளைகளைத்தான். எண்களை மீதியின்றிப் பங்கிடும் வித்தையைக் கற்றவர் பணத்தையும் அவ்விதமே பங்கிட எண்ணினார். 1919 மார்ச்சு மாதக் கடைசியில் தாய்நாடு திரும்பினார். ஓராண்டுக்குச் சற்று மேல், படுக்கையிலும் எழுதிக்கொண்டே இருந்து, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்பொழுது வயது முப்பத்திரண்டு. அவருடைய கடைசி வருஷத்துத் தாள்கள் கேம்பிரிட்ஜ் புத்தகசாலையில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க வித்வானின் கண்ணிற் பட்டன.

ராமானுஜன் மறைந்த மூன்றாம் வருஷம், 1923-ல், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் 1922-ல் கல்கத்தாவுக்குச் சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, மழை பொய்த்த கரிசல் பூமிக்கு ஜீவனம் அளித்தார்கள். அதிலிருந்து பட்டாசும் அச்சும் வளர்ந்து, குட்டி ஜப்பான் என்ற பெயரும் ஊருக்கு வந்தது. இந்தப் பெருமையை நாம் மனமார ஒப்புகிறோம். ஆனால் அதன் மறுபக்கமாக, பல்லாண்டுக் காலம் இப்பிரதேசத்துப் பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கவும் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டவும் போனார்கள். குரோஸ் கணக்கில் கூலி. அவர்களும் எண்ணத்தான் செய்தார்கள்; ஆனால் 144-க்கு அப்பால் எண்ண அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவர்களிடையே ஒரு ராமானுஜன் இருந்தானா என்று எவராலும் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தவர் இல்லை.

நிலைமை மாறியதற்கு உழைத்தவர்கள் பலர். விருதுநகரிலே பிறந்து, இளமையிலேயே பள்ளியை விட்டு நின்ற காமராஜர், 1954 முதல் 1963 வரையில் முதல் மந்திரியாயிருந்தபொழுது கிராமந்தோறும் பள்ளிகளும் பள்ளியில் மதிய உணவும் கொண்டுவந்தார். குழந்தைத் தொழில் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. சிவகாசித் தொழிற்சாலைகளைப் பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்துக்கு விரோதமாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. 2009-ம் வருஷத்துச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையில் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிற்று. இவை சாமான்யமான வெற்றிகளல்ல.

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. தேசிய கணித வருஷம் கொண்டாடப்பட்ட அதே 2012-ல், செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஆசிரியர் தினம். இப்படிப்பட்ட விபத்துகளிலே தாய் தந்தையரை இழக்கும் பிள்ளை பதினான்கு வயதைக் கடந்ததும் சட்டத்தின் கை அவனை விட்டுவிடுகிறது. குடும்பத்தின் கை அவனைப் பற்றிக்கொள்கிறது. ஒரு பாடத்தில் அபாரமாகவும் மற்றொன்றில் சாதாரணமாகவும் இருக்கும் பிள்ளையை, இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்துத் தள்ளிவிடும் பழக்கமும் நம்மிடம் முற்றும் ஒழியவில்லை. ஏழைகளையும் அநாதைகளையும் ராமானுஜன் 1919-ல் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். நூறு ஆண்டு கடந்தும் அந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டதென்று கேட்டால், நமக்கு என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகையால் நாம் விரும்புவது இது. டிசம்பர் 22-ந் தேதி பள்ளிகளில் படத்திற்கு மாலையிடுவதோடு நிற்காமல், சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் அன்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரும் தம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவ்வருஷம் பள்ளியிலிருந்து நின்றுபோன பெயர்களை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். தொழிலதிபர்களும் அச்சுக்கூட உரிமையாளர்களும் அப்பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் புத்தகத்துக்கும் காகிதத்துக்கும் வழி செய்யட்டும். காகிதத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் காகிதமின்றி ஒரு கணக்கு அழியலாகாது. விடுபட்ட ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டபொழுதுதான் ராமானுஜனுடைய அட்டவணை பூர்த்தியாயிற்று. நமது பள்ளிகளின் பதிவேடும் அப்படித்தான் பூர்த்தியாக வேண்டும்.